குளிர்ந்த நீரில் கயாக்: டெல்டாத் துடுப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், சிதம்பரம் பக்கத்து ஆறுகளில் கயாக் என்னும் ஒடுக்கமான துடுப்புப் படகைப் பழகிவிட்டு லடாக், ரிஷிகேஷ் என்று கிளம்பும் கிளப் உறுப்பினர்களுக்காகவும், அயர்லாந்திலோ கனடாவிலோ படிக்கப் போன இடத்தில் துடுப்பைக் கையில் எடுக்கும் நம் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். கேள்விகள் எல்லாம் உறுப்பினர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்டவை. பாதுகாப்புப் பயிற்சியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருப்பதால் பதில்கள் கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்கும்.

நம்ம ஊர்த் தண்ணீர் மார்கழியில்கூட வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. குளிர்நீர்ப் பாதுகாப்பு நமக்கு எதற்கு?

வெண்ணாற்றில் மார்கழி விடியலில் இறங்கினாலும் தண்ணீர் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கரையில் நிற்கும்போதுதான் நடுக்கம், உள்ளே இறங்கினால் சுகம். இந்தச் சுகத்தில்தான் நாம் எல்லோரும் படகு ஓட்டக் கற்றுக்கொண்டோம். கவிழ்ந்தால் சிரித்துக்கொண்டே நீந்தி வந்து, படகைக் கரைக்கு இழுத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஏறுவோம். இங்கே அது போதும். 8 டிகிரித் தண்ணீரில் அதையே செய்ய நினைத்தால் கரை வந்து சேர்வதற்குள் கை ஓய்ந்துவிடும்.

பழக்கத்தை ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ள முடியாது. லைஃப் ஜாக்கெட்டின் பக்கிளைப் போடாமல் ஓட்டிப் பழகியவர் லடாக்கின் ஜன்ஸ்கார் ஆற்றிலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். அதனால் குளிர்ந்த நீருக்கு வேண்டிய ஒழுங்கை இந்த வெதுவெதுப்பான தண்ணீரிலேயே பழக வேண்டும் என்பதுதான் என் வாதம். இங்கே தவறு செய்தால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது.

எத்தனை டிகிரிக்குக் கீழே போனால் குளிர்நீர் என்று கணக்கு?

15 டிகிரிக்குக் கீழே என்றால் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஆபத்து. அமெரிக்காவில் குளிர்நீர்ப் பாதுகாப்புச் சொல்லித்தருபவர்கள் 21 டிகிரியிலிருந்தே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்கிறார்கள். வெந்நீர் தேசத்திலிருந்து போகும் நமக்கு அந்த 21தான் சரி. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சின்னத் தெர்மாமீட்டரை ஒரு நூலில் கட்டி எடுத்துப் போங்கள். இறங்குவதற்கு முன் தண்ணீரில் ஐந்து நிமிடம் தொங்கவிட்டுப் பார்க்கலாம்.

வெயிலைப் பார்த்து ஏமாறுவதுதான் நம் ஆட்களிடம் நான் அதிகம் பார்ப்பது. லே நகரத்தில் ஜூலை மதியம் முதுகு சுடும், கீழே சிந்து ஆற்றில் ஓடுவது பனிப்பாறை உருகிய தண்ணீர். பிரிட்டன், அயர்லாந்துக் கடலில் கதை வேறு விதம். அங்கே கடல் மிகவும் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரி, மார்ச்சில். ஏப்ரல், மே மாதத்தில் நல்ல வெயில் அடித்து எல்லோரும் அரைக்கால் சட்டையோடு கடற்கரைக்கு வரும்போதும் தண்ணீர் 10, 12 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். அந்த மாதங்களில் முதல்முதலாகப் படகை இறக்கும் மாணவர்கள் வானத்தைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணீரைப் பார்த்து உடுத்த வேண்டும்.

கல்லணையில் குதித்து வளர்ந்தவன் நான். நீச்சல் தெரிந்தால் போதாதா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நன்றாக நீந்துகிறவர்கள்தான் அதிகம் அசட்டையாக இருக்கிறார்கள்.

குளிர்ந்த நீரில் விழுந்தவுடன் நடப்பது உடல் மெதுவாக விறைப்பது அல்ல. முதல் நொடியிலேயே தோல் குளிர்ந்து, நம்மைக் கேட்காமல் வாய் ஒரு பெரிய மூச்சை இழுக்கும். தலை அந்த நேரம் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரை. அதற்கப்புறம் மூச்சு தாறுமாறாக வாங்கும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று ஏறும். இதைத்தான் குளிர் அதிர்ச்சி என்கிறோம். 10 முதல் 15 டிகிரித் தண்ணீரிலேயே இது உச்சத்தைத் தொட்டுவிடும், பனிக்கட்டி மிதக்க வேண்டிய அவசியமில்லை. நல்ல நீச்சல்காரர் முதல் நிமிடத்திலேயே போய்விடுவது இதனால்தான்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரைப் பற்றி ஆய்வு செய்யும் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்லித்தருகிறார். முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர. அடுத்த 10 நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும் நேரம், படகில் ஏறுவதோ கயிற்றைப் பிடிப்பதோ அதற்குள் முடிய வேண்டும். அதன்பின் உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். உறைபனிக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீருக்குச் சொன்ன கணக்கு இது. ஆளுக்கு ஆள், உடைக்கு உடை மாறும். ஆனால் வரிசை மாறாது: முதலில் மூச்சு, அப்புறம் கை, கடைசியில்தான் உடல் வெப்பம்.

நம் ஆட்கள் பயப்படுவது அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு. லைஃப் ஜாக்கெட் போடாதவர் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்ப்பதே இல்லை. கை ஓய்ந்ததும் மூழ்கிவிடுகிறார். ஆக, விழுந்ததும் நீந்தத் தொடங்காதீர்கள். ஜாக்கெட் தாங்கட்டும். படகைப் பிடித்துக்கொண்டு மூச்சை மெல்ல வெளியே விடுங்கள். ஒரு நிமிடத்தில் அடங்கும். அதற்கப்புறம் என்ன செய்வது என்று யோசிக்கலாம்.

இன்னொன்று. மூடிய கயாக்கில் கவிழ்ந்து தலைகீழாக இருக்கும்போது வெண்ணாற்றில் நம்மால் நிதானமாக 20 எண்ண முடிகிறது. குளிர்ந்த நீரில் அடக்கும் மூச்சு சில நொடிகளுக்குச் சுருங்கிவிடும். படகின் வாயை இடுப்போடு சேர்த்து மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட் என்னும் உறையைக் கழற்ற, அதன் இழுவைக் கண்ணியைத் தேடிக் கை தடவும் நேரம்கூட இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே முயற்சியில் அதைப் பிடிக்க வராதவரை மூடிய கயாக்கில் குளிர்நீருக்குப் போகாதீர்கள். மேலே உட்கார்ந்து ஓட்டும் திறந்த படகே போதும்.

குளிர் அதிர்ச்சியை முன்கூட்டியே பழகிக்கொள்ள முடியுமா?

முடியும். குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நிமிடம் வீதம் ஐந்தாறு முறை இறங்கி எழுந்தாலே மூச்சிரைப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டெல்டாவில் குளிர்ந்த நீருக்கு எங்கே போவது? நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீனுக்கு வாங்கும் ஐஸ் பார்தான் வழி. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஐஸ் உடைத்துப் போட்டு 15 டிகிரிக்குக் கொண்டுவந்து, கழுத்துவரை இறங்கி மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். பக்கத்தில் இரண்டு பேர் நிற்க வேண்டும், தனியாக வீட்டு மாடியில் செய்யவே கூடாது. ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சி வேண்டாம்.

வயது 55. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். பசங்களோடு லடாக் போகலாமா?

மருத்துவரிடம் "மலைக்குப் போகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள் ஐயா. "மிகக் குளிர்ந்த ஆற்றில் விழ வாய்ப்பிருக்கிறது" என்று சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். குளிர் அதிர்ச்சியில் இதயத்துக்குத் திடீரென்று சுமை ஏறும், உயரமும் சேர்ந்துகொள்ளும். லே ஏறக்குறைய 3,500 மீட்டரில் இருக்கிறது. போய் இறங்கிய மறுநாளே ஆற்றில் இறங்குவது 25 வயதுக்காரருக்கும் கூடாது.

கிளப்பில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் நிறைய இருக்கிறது. அதுவே போதுமா?

சுற்றுலாப் படகில் உட்கார்ந்து வர அது போதும். துடுப்பு போட அது தடை. தோளை இறுக்கும், கழுத்தில் இடிக்கும், பத்து நிமிடத்தில் கழற்றி மடியில் வைத்துவிடுவீர்கள். துடுப்பாளர்களுக்கென்று தோள் பக்கம் வெட்டி எடுத்த, 50 நியூட்டன் மிதவைத் திறன் உள்ள ஜாக்கெட் வாங்குங்கள். சுமார் 5 கிலோ எடையைத் தாங்கும் மிதப்பு அது. நினைவு தப்பியவரை மல்லாக்கத் திருப்பிப் போடும் வேலையை அது செய்யாது. அதற்கு 100 நியூட்டனும் அதற்கு மேலும் உள்ளவை இருக்கின்றன. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு துடுப்பு வலிப்பது கஷ்டம்.

அளவு பார்க்கும் விதம் இது. எல்லாப் பட்டையையும் இறுக்கிவிட்டு நில்லுங்கள். பின்னால் நிற்பவர் இரண்டு தோள் பட்டைகளையும் பிடித்து வலுவாக மேலே தூக்க வேண்டும். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிது, அல்லது இடுப்புப் பட்டை தளர்வு. மெலிந்த பிள்ளைகளுக்குப் பெரியவர் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, "வளர்ந்தா சரியாயிடும்" என்று சொல்கிற பெற்றோரைப் பார்க்கிறேன். பள்ளிச் சட்டைக்குச் சரி, இதற்குச் சரியில்லை. தண்ணீரில் ஜாக்கெட் மேலே நிற்கும், பிள்ளை கீழே நழுவும்.

பழைய ஜாக்கெட்டின் உள் நுரையை விரலால் அழுத்திப் பாருங்கள். திரும்ப எழாமல் குழியாகவே நின்றாலோ, மடிப்பில் பொடியாக உதிர்ந்தாலோ மாற்ற வேண்டும். நம் வெயிலில் நுரையும் துணியும் சீக்கிரம் கெடுகின்றன.

காட்டன் டி-ஷர்ட், லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டால் குளிருக்கு ஆகாதா?

ஆகாது. நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டி, காற்றுப் பட்டு இன்னும் வெப்பத்தை உறிஞ்சும். பாலியெஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி உள்ளாடை வேண்டும். துப்பட்டா, நீள நாடா, கழுத்துக் கயிறு எதுவும் படகில் கூடாது, வெதுவெதுப்பான நீரிலும்தான்.

வெட்சூட் வாங்குவதா, டிரைசூட் வாங்குவதா?

வெட்சூட் என்பது நியோப்ரீன் ரப்பர் நுரையால் ஆன இறுக்கமான உடை. உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகும், அது உடல் சூட்டில் வெதுவெதுப்பாகும், ரப்பரில் இருக்கும் காற்றுக் குமிழிகள் அந்தச் சூட்டைப் பிடித்துவைக்கும். தொளதொளப்பாக இருந்தால் பயனில்லை, புதுத் தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். துடுப்பு போடுகிறவர்களுக்குக் கை இல்லாத 3 மில்லிமீட்டர் வெட்சூட்டும் அதன்மேல் காற்றுத் தடுக்கும் சட்டையும் நல்ல சேர்க்கை. 15 முதல் 20 டிகிரித் தண்ணீரில் அது கைகொடுக்கும்.

டிரைசூட் தண்ணீரை உள்ளேயே விடாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் லேடெக்ஸ் ரப்பர் வளையம், காலில் ஒட்டிய துணி உறை, தண்ணீர் புகாத ஜிப். ஆனால் டிரைசூட் தானாகச் சூடு தராது. உள்ளே ஃபிளீஸ் போட்டால்தான் சூடு. பத்து டிகிரிக்குக் கீழே தொடர்ந்து ஓட்டப் போகிறவருக்கு நான் தயங்காமல் டிரைசூட்டைத்தான் சொல்வேன். விலை பெரும்பாலும் ரூ.50,000 தாண்டும், இறக்குமதியும் செய்ய வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை லடாக் போகிறவர் வாங்க வேண்டியதில்லை. வாடகைக்கு எடுங்கள், அல்லது நாலு பேர் ஒரே உயரமாக இருந்தால் பங்கு போட்டு வாங்குங்கள்.

டிரைசூட் மாட்டியதும் காற்றை வெளியேற்ற வேண்டும். கழுத்து வளையத்தை விரலால் லேசாக விலக்கிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் புஸ்ஸென்று காற்று போகும். போகாவிட்டால் தண்ணீரில் கால் பக்கம் காற்றுச் சேர்ந்து மிதப்பதே சிரமம்.

பெண்கள் வாங்கும்போது பின்பக்க ஜிப் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். முழு உடையையும் கழற்றாமல் ஒதுங்க முடியும். அது இல்லையென்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். உடலில் நீர் குறைந்தால் சோர்வும் குளிரும் சேர்ந்து அழுத்தும்.

தலைக்கு நியோப்ரீன் தொப்பி, கைக்கு உறை, காலுக்கு நியோப்ரீன் பூட்ஸ் மூன்றும் இருக்க வேண்டும். முதலில் செயலிழப்பது விரல்கள். விரல் மரத்துவிட்டால் பக்கிளையும் பிடிக்க முடியாது, விசிலையும் எடுக்க முடியாது.

வெளிநாட்டிலிருந்து அண்ணன் டிரைசூட் கொண்டுவந்து கொடுத்தான். தஞ்சாவூர் வெயிலில் எப்படிப் பாதுகாப்பது?

லேடெக்ஸுக்குச் சூடும் வெயிலும் எண்ணெயும் எமன். மே மாதத்தில் கார் டிக்கியிலோ தகரக் கொட்டகையிலோ ஒரு வாரம் கிடந்தால் கழுத்து வளையம் பிசுபிசுத்துவிடும், அடுத்த முறை மாட்டும்போது காது பக்கம் பட்டென்று கிழியும். நான் செய்வது இது: நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முதலில் உள்பக்கத்தையும் பிறகு வெளிப்பக்கத்தையும் காயவைத்து, வளையங்களில் வாசனை இல்லாத டால்கம் பவுடரைத் தடவி, ஜிப்புக்கு அதற்குரிய மெழுகைப் பூசி, மடிக்காமல் அகலமான ஹேங்கரில் வீட்டுக்குள் இருட்டான அலமாரியில் தொங்கவிடுவது. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையோடு கழுத்து வளையத்தை இழுத்து மாட்டாதீர்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் வளையத்தை விரலால் மெல்ல இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வலைபோல நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அந்த வளையத்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வெட்சூட்டுக்கு நம் ஊர் எதிரி புழுக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சரியாகக் காயாமல் மூட்டையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

போவதற்கு முன் இங்கே என்னென்ன பழக வேண்டும்?

கவிழ்ந்த பின் தண்ணீரிலிருந்தே படகில் ஏறுவது. மற்றதெல்லாம் அதற்கப்புறம். தரையைத் தொடாமல், கரைக்குப் போகாமல், இரண்டு நிமிடத்துக்குள் ஏற வேண்டும். லைஃப் ஜாக்கெட்டோடும், முடிந்தால் வெட்சூட் மாட்டிக்கொண்டும்.

துணைக்கு ஒரு படகு இருக்கும்போது செய்வதை இப்படிப் பழக்குகிறோம். விழுந்தவர் துடுப்பை விடாமல் தன் படகின் முனைக்கு வருகிறார். உதவுகிறவர் தன் படகைக் குறுக்காகக் கொண்டுவந்து, கவிழ்ந்த படகின் மூக்கைத் தன் மடிமேல் இழுத்துத் தண்ணீரை வடியவிடுகிறார். நிமிர்த்துகிறார். இரண்டு படகையும் எதிரெதிர்த் திசையில் ஒட்டவைத்து, விழுந்தவரின் படகுமேல் தன் முழு எடையையும் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறார். விழுந்தவர் பின்பக்கம் படுத்து, காலை உதைத்து வயிற்றால் ஏறி, முகம் பின்புறம் பார்த்தபடி காலை உள்ளே நுழைத்து, மெல்லத் திரும்பி உட்கார்கிறார். திரும்பி உட்காரும் அந்த நொடியில்தான் மறுபடி கவிழ்வார்கள், உதவுகிறவர் அவசரப்பட்டுக் கையை எடுப்பதால். "உட்கார்ந்துட்டேன், விடு" என்று ஏறியவர் வாயால் சொல்லும்வரை விடக் கூடாது என்பது எங்கள் கிளப் சட்டம்.

தனியாக ஏற, துடுப்பின் ஒரு முனையில் காற்றடைத்த பையை மாட்டித் துணைமிதவையாக வைக்கும் முறை இருக்கிறது. எஸ்கிமோ ரோல் என்கிற, கவிழ்ந்த படகை உள்ளே இருந்தபடியே துடுப்பால் நிமிர்த்தும் வித்தை கிரீன்லாந்து வேட்டைக்காரர்களிடமிருந்து வந்தது. உறைபனிக் கடலில் வெளியே விழுந்தால் பிழைப்பில்லை என்பதால் அவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். வந்தால் மிகவும் நல்லது. ஆனால் ரோல் வந்துவிட்டது என்று ஏறிப் பழகாமல் விடாதீர்கள்.

அப்புறம், கடைசிச் சுற்றில் பத்து நிமிடம் ஐஸ் வாளியில் கையை வைத்துவிட்டு அதே பயிற்சியைச் செய்யச் சொல்வோம். பக்கிள், விசில், த்ரோ பேக் என்னும் மீட்புக் கயிற்றுப் பையின் வாய்க்கயிறு என்று ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று அப்போதுதான் விளங்கும்.

சரி, இங்கே பழகும்போது குளிர் இல்லை. அப்படியானால் ஆபத்தும் குறைவுதானே?

குளிர் ஆபத்து குறைவு. தண்ணீர் ஓட்ட ஆபத்து எங்கேயும் குறைவில்லை. முதல் எதிரி ஷட்டர்.

டெல்டா முழுக்க ஆறு பிரியும் இடமெல்லாம் தலைப்பு, அதாவது ஷட்டர் வைத்துத் தண்ணீரைப் பிரித்துவிடும் தடுப்பு, இருக்கிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் பிரிகின்றன. தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிகிறது. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அரைகுறையாகத் தூக்கிய ஷட்டருக்கு மேல்புறம் தண்ணீர் அமைதியாகத் தெரியும், கீழே பலகைக்கு அடியில் முழு ஆறும் உறிஞ்சிப் போய்க்கொண்டிருக்கும். அதில் சிக்கிய படகு பலகையோடு ஒட்டிக்கொள்ளும். கீழ்ப்புறம் இன்னொரு விதம். தடுப்பிலிருந்து விழும் தண்ணீர் அடியில் குடைந்து மேலே சுருண்டு, மேற்பரப்பில் தடுப்பை நோக்கியே திரும்பி ஓடும். விழுந்தவரைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். நுரையில் பாதி காற்று என்பதால் ஜாக்கெட்டும் சரியாகத் தூக்காது. ஒரு அடி உயரம்தான் விழுகிறது என்று படுகை அணையில் படகை விட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். படகிலிருந்து பார்த்தால் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு நேர்கோடு மட்டும் தெரியும், அதற்கு அப்பால் தண்ணீர் தெரியாது. அந்தக் கோடு கண்ணில் பட்டதும் கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். எங்கள் கிளப்பில் தலைப்புக்கு 200 மீட்டர் முன்பே கரையேறுவது கட்டாயம்.

இரண்டாவது, தண்ணீரின் அட்டவணை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள், நீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள். அங்கே திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். முதல் தண்ணீர் குப்பை, கழி, முள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். அந்த வாரம் படகை இறக்காதீர்கள். அதன்பின்னும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதால் நேற்று முழங்கால் அளவு இருந்த வாய்க்கால் இன்று கழுத்தளவு ஓடும். விநாடிக்கு எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்பது தினமும் செய்தியில் வருகிறது. அதைப் பார்க்காமல் வண்டியில் படகை ஏற்ற மாட்டோம்.

கொள்ளிடம் தனி. மேட்டூர் நிரம்பி வழியும்போது உபரி நீர் முக்கொம்பிலிருந்து அதில்தான் திருப்பப்படும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ள எச்சரிக்கை ஒலிபெருக்கியில் வந்துவிட்டால் அந்த ஆற்றில் நமக்கு வேலையில்லை. நீர் குறைந்த காலத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன, முட்டியளவு நடந்துகொண்டே போய் ஆள் மூழ்கும் மடுவில் கால் விழும். அணைக்கரைக்குக் கீழே சிதம்பரம் பக்கம் வரை முதலைகளும் உண்டு. அங்கே கவிழ்ந்து ஏறும் பயிற்சி கிடையாது.

கரையோரம் ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரையும் கவனியுங்கள். தண்ணீர் புதர் வழியே போய்விடும், ஆளும் படகும் மாட்டிக்கொள்ளும். ஆகாயத்தாமரை அடர்ந்த இடத்தில் விழுந்தால் நீந்த முடியாது, படகைவிட்டு விலகாதீர்கள்.

படகோடு நம்மைப் பிணைக்கும் லீஷ் கயிற்றைக் காலில் கட்டிக்கொள்வது பாதுகாப்புதானே?

கடலிலும் ஏரியிலும் சரி. ஓடும் ஆற்றில் கூடாது. கயிறு புதரிலோ கல்லிலோ சுற்றினால் தண்ணீர் உங்களைக் கீழே அமுக்கும், வளைந்து கணுக்காலைத் தொட முடியாது.

பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பக்கம் தை மாதத்தில் போகிறோம். குளிருக்கு ஏதாவது வேண்டுமா?

வேண்டும். தண்ணீர் 25 டிகிரி என்றாலும் உடல் 37 டிகிரி. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நனைந்தபடி வாடைக்காற்றில் உட்கார்ந்தால் மெலிந்த பிள்ளைகளுக்கு உதடு நீலம் பூத்து நடுக்கம் வந்துவிடும். ஒரு காற்றுத் தடுப்புச் சட்டையும் உலர்ந்த மாற்றுத் துணியும் தண்ணீர் புகாத பையில் வைத்திருங்கள். அலையாத்திக் காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, கால்வாய்கள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் வழி தெரிந்த உள்ளூர்க்காரர் துணை வேண்டும். முத்துப்பேட்டைக் காயலில் மதியத்துக்கு மேல் காற்று ஏறினால் ஆழமில்லாத தண்ணீரில் குட்டை அலை வரிசையாக எழும். காலையிலேயே திரும்பிவிடுங்கள். வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலில் தாழ்வுநிலை உருவாகியிருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

தனியாகப் போகலாமா?

கூடாது. மூன்று படகு இருந்தால் நல்லது. ஒருவர் விழுந்தால் ஒருவர் தூக்க, இன்னொருவர் ஆள் கூப்பிட.

ஒருவர் வெகுநேரம் குளிர்ந்த நீரில் இருந்துவிட்டார். கரைக்கு வந்ததும் என்ன செய்வது?

உடலின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. பேச்சுக் குழறும், விரல் கேட்காது, சின்னக் கேள்விக்கும் பதில் சொல்லத் தடுமாறுவார். நடுக்கம் நின்றுபோனால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள்.

முடிந்தால் படுத்த நிலையிலேயே தூக்குங்கள். நிமிர்த்தி நடக்கவைக்காதீர்கள். தண்ணீரின் அழுத்தம் திடீரென்று விலகும்போது ரத்த அழுத்தம் சரிந்து, கரை சேர்ந்தவர் கரையிலேயே சாய்ந்துவிடுவது உண்டு. காற்றுப் படாத இடத்தில் ஈரத் துணியை வெட்டி எடுத்துவிட்டு, கம்பளியால் போர்த்துங்கள். தரைக்கும் உடலுக்கும் நடுவே பாயோ மிதவைப் பலகையோ இருக்கட்டும். சூடான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி மார்பிலும் அக்குளிலும் வையுங்கள். கை காலைத் தேய்த்துவிடக் கூடாது, அங்கே தேங்கிய குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். நம் வீடுகளில் யாராவது குளிர்கிறது என்றால் உள்ளங்காலைத் தேய்ப்பதுதான் முதல் வேலை, அதனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். முழு நினைவோடு விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுக்கலாம்.

கொஞ்சம் பிராந்தி?

கூடவே கூடாது. தோலுக்கு ரத்தத்தை அனுப்பிச் சூடுபோலத் தோன்றவைக்கும், உள்சூட்டைக் குறைக்கும். படகில் ஏறுவதற்கு முன்பும் கிடையாது.

மூழ்கியவரைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினால் தண்ணீர் வெளியே வந்துவிடும் என்கிறார்களே?

ஆற்றங்கரை ஊர்களில் இன்னும் இதைச் செய்கிறார்கள், வயிற்றையும் அமுக்குகிறார்கள். வெளியே வருவது வயிற்றில் இருந்த தண்ணீர். அது மூச்சுக்குழாயில் புகுந்து நிலைமையைக் கெடுக்கும். போகும் ஒவ்வொரு நொடியும் மூளைக்கு நஷ்டம். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கை மூடி வாயோடு வாய் வைத்து மூச்சைக் கொடுங்கள். மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். 108-ஐ ஒருவர் அழைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் தொடங்கிவிட வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம்.

கடலில் அவசரம் என்றால் கடலோரக் காவல்படை எண் 1554. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. இவை படகிலோ பையிலோ இருக்கும் போனில் இருந்து பயனில்லை. போன் தண்ணீர் புகாத உறையில் உங்கள் ஜாக்கெட்டின் பையில் இருக்க வேண்டும், படகு போனாலும் போன் உங்களோடு இருக்கும்.

லேயில் வாடகை உடையும் ஜாக்கெட்டும் தருகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

ஜாக்கெட்டுக்குத் தோள்பட்டை இழுப்புச் சோதனை, எல்லா பக்கிளும் பூட்டுகிறதா, இடுப்புப் பட்டை தேயாமல் இருக்கிறதா. வெட்சூட்டில் அக்குளும் தொடை இடுக்கும் தையல் விட்டிருக்கிறதா என்று உள்ளேயிருந்து பாருங்கள், இடுப்பில் தண்ணீர் நிரம்பும்படி தொளதொளப்பாக இருந்தால் சின்ன அளவு கேளுங்கள். டிரைசூட் என்றால் ஜிப்பை மூடி, உள்ளே காற்று அடைத்து, கையால் அழுத்தினால் காற்று எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். ஹெல்மெட்டைப் பட்டை கட்டியபின் முன்னாலிருந்து பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், நெற்றி தெரியும்படி பின்னால் சரியக் கூடாது. கையுறையும் தலைத் தொப்பியும் பல இடங்களில் இருக்காது. அவை இரண்டையும் இங்கிருந்தே எடுத்துப் போங்கள், பையில் அதிக இடம் பிடிக்காது. ஏதாவது ஒன்று சரியில்லை, மாற்றித் தர மறுக்கிறார்கள் என்றால் முன்பணம் போனாலும் அன்றைக்கு இறங்காதீர்கள். கிளப் பயணமாக இருந்தால் அந்த முன்பணத்தைக் கிளப் ஏற்றுக்கொள்ளும்.